ஊர் சொல்லும் பெயரும் தாளில் இருக்கும் லெவலும்

வடக்குக் கணவாயில் ஒரு கொள்ளைத் தலைவன் இருக்கிறான், 20 காவலர்களைத் தனியாளாக நின்று கொன்றவன் என்று விடுதிக்காரர் சொல்கிறார். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் நான்கு பேரின் பாத்திரங்களும் ஆறாம் லெவல். போவதா, திரும்புவதா? ஃபேன்டஸி ரோல்பிளேயிங் ஆட்டங்களில் இந்தக் கேள்வி ஓயாமல் வரும், பதிலும் ஓயாமல் தப்பாகும். ஒரு குழு, ‘நம்மால் முடியாத ஆளை டி.எம். (ஆட்டத்தை நடத்துபவர்) நம் முன்னால் நிறுத்த மாட்டார்’ என்று நேராகப் போய் நான்கு பேரையும் பறிகொடுக்கும். இன்னொரு குழு, மொத்தமே 9 ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) வைத்திருக்கும் ஒரு பிரபுவின் பெயருக்குப் பயந்து மூன்று அமர்வுகள் பதுங்கிக்கொண்டிருக்கும்.

இரண்டு குழுக்களும் பெயரைக் கொண்டு நேரடியாக ஆளை எடை போடுகின்றன. பெயர் என்பது யாரோ பார்த்து, யாரோ சொல்லி வந்தது. லெவல் என்பது அந்த ஆளால் என்ன செய்ய முடியும் என்பது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக நடுவில் ஒரு படி வேண்டும்: அவன் செய்ததாகச் சொல்லப்படும் ஏதாவது ஒரு குறிப்பிட்ட செயல். பட்டப்பெயரை ஓரமாக வைத்துவிட்டு, அந்தச் செயலைச் செய்ய விதிநூலின்படி குறைந்தபட்சம் எந்த லெவல் தேவை என்று கேட்டால் கணக்கு போடுவதற்கு ஒரு தரை கிடைக்கும். தரை கிடைத்த பிறகு கூரையை, அதாவது அதிகபட்ச லெவலைத் தேடலாம்.

பட்டமே லெவலாக இருந்த காலம்

பெயரைக் கேட்டாலே லெவல் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை சும்மா வந்ததல்ல. 1974இல் வெளிவந்த முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு பட்டம் இருந்தது. போர்வீரன் முதல் லெவலில் ‘வெட்டரன்’, நான்கில் ‘ஹீரோ’, எட்டில் ‘சூப்பர்ஹீரோ’, ஒன்பதில் ‘லார்ட்’. மந்திரவாதி 11ஆம் லெவலுக்கு வந்தால்தான் ‘விசர்ட்’. நான்கும் எட்டும் ஏன் என்றால், அந்த ஆட்டம் முளைத்துவந்த செயின்மெயில் என்ற போர் விளையாட்டில் ஒரு ஹீரோ நான்கு ஆட்களுக்குச் சமம், சூப்பர்ஹீரோ எட்டு ஆட்களுக்குச் சமம். அங்கே பட்டம் என்பது நேரடியான எண்ணிக்கை.

1978இல் அட்வான்ஸ்டு பதிப்பின் ஆட்டக்காரர் நூல் இதை இன்னும் இறுக்கியது. ட்ரூயிட்களில் (இயற்கையை வழிபடும் பூசாரிகள்) 12ஆம் லெவலில் ஒன்பது பேருக்குத்தான் இடம், 13இல் மூன்று பேருக்கு, 14இல் ‘கிரேட் ட்ரூயிட்’ ஒருவருக்கு மட்டும். இடம் காலியாக இல்லாவிட்டால், இருப்பவரைச் சண்டையில் வென்றுதான் மேலே போக வேண்டும். கொலையாளிகளின் கடைசி இரண்டு லெவல்களுக்கும் இதே சட்டம். அந்த உலகில் ஒருவர் ‘கிரேட் ட்ரூயிட்’ என்று கேள்விப்பட்டால் அவருடைய லெவல் 14 என்பதில் சந்தேகமே இல்லை. அதேபோல், ஒன்பதாம் லெவலை எட்டிய போர்வீரன் கோட்டை கட்டினால் அவனைத் தேடிப் படை வரும் என்று விதி இருந்ததால், எல்லையில் சொந்தக் கோட்டையும் படையும் வைத்திருக்கும் தலைவன் என்றால் ஒன்பதுக்குக் குறையாது என்று பழைய ஆட்டக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

1989இன் இரண்டாம் பதிப்பு லெவல் பட்டங்களைக் கைவிட்டது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு அரிஸ்டோகிராட் (பிரபு), எக்ஸ்பர்ட் (தொழில் வல்லவர்), காமனர் (சாமானியர்) என்று சண்டைக்காரர் அல்லாதவர்களுக்கும் தனி வகுப்புகள் கொடுத்தது. 2014இன் ஐந்தாம் பதிப்பில் ‘நோபிள்’ என்ற பொதுப் பாத்திரத்துக்கு 9 ஹிட் பாயிண்ட், சேலஞ்ச் ரேட்டிங் (எதிரி எவ்வளவு கடினம் என்ற அளவு) எட்டில் ஒன்று. பட்டத்துக்கும் பலத்துக்கும் இருந்த முடிச்சு அதோடு அவிழ்ந்துவிட்டது. ஆட்டக்காரர்களின் அனிச்சை மட்டும் இன்னும் 1978இலேயே நிற்கிறது.

செயலிலிருந்து லெவலைக் கணக்கிடும் பழக்கமும் பழையதுதான். 1977 மார்ச்சில் வந்த ‘த டிராகன்’ இதழின் 5ஆம் எண்ணில், ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதையின் காண்டால்ஃப் வெறும் ஐந்தாம் லெவல் மந்திரவாதி என்று வாதாடும் ஒரு கட்டுரை வந்தது. கதையில் அவர் பயன்படுத்திய மந்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எந்த லெவல் போதும் என்று பார்ப்பதே அதன் வழி. வழி சரி. ஆனால் அது கொடுத்தது தரையை மட்டும். செய்து காட்டியதற்கு ஐந்து போதும் என்பது உண்மையாக இருந்தாலும், ஐந்துக்கு மேல் இல்லை என்பதற்கு அது சான்றாகாது. இந்த விவாதம் இன்றுவரை அடங்காததற்குப் பாதிக் காரணம், தரையையும் கூரையையும் இரு தரப்பும் ஒன்றாகவே பேசுவதுதான்.

மந்திரம் பொய் சொல்லாது, கத்தி சொல்லும்

தரையைக் கண்டுபிடிக்க மிகச் சுலபமான சான்று மந்திரம். ஐந்தாம் பதிப்பில் விசர்ட் (மந்திரவாதி), கிளெரிக் (பூசாரி) போன்ற முழு மந்திரக்காரர்களுக்கு ஒரே சூத்திரம்: மந்திரத்தின் நிலையை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கழித்தால் தேவையான குறைந்தபட்ச லெவல். தீப்பந்து வீசும் மூன்றாம் நிலை மந்திரமான ஃபயர்பாலுக்கு லெவல் 5. ஐந்தாம் நிலை ‘ரெய்ஸ் டெட்’டுக்கு 9. நொடியில் வேறிடம் போகும் ஏழாம் நிலை ‘டெலிபோர்ட்’டுக்கு 13. கேட்டதை நடத்தும் ஒன்பதாம் நிலை ‘விஷ்’ஷுக்கு 17.

ஆகவே ‘இந்தக் கோயிலின் தலைமைக் குரு செத்தவர்களை எழுப்புவார்’ என்ற வதந்தி கிடைத்தால் அடுத்த கேள்வி: செத்து எவ்வளவு நேரமானவர்களை? ஒரு நிமிடத்துக்குள் என்றால் ‘ரிவிவிஃபை’. 300 பொற்காசு பெறுமான வைரமும் ஐந்தாம் லெவல் கிளெரிக்கும் போதும். பத்து நாளுக்குள் என்றால் ‘ரெய்ஸ் டெட்’, 500 பொற்காசு வைரம், லெவல் 9. நூறாண்டுக்குள் என்றால் ‘ரிசரெக்‌ஷன்’, 1,000 பொற்காசு வைரம், லெவல் 13. உடலே இல்லாதவரை எழுப்பினார் என்றால் 25,000 பொற்காசு வைரமும் லெவல் 17ம். ஒரே வதந்திக்குள் 5 முதல் 17 வரை இடம் இருக்கிறது. ‘எத்தனை நாள் கழித்து’, ‘உடல் இருந்ததா’ என்ற இரண்டு கேள்விகள் அதைப் பிரித்துக் காட்டிவிடும். வைரம் வாங்கியவர் யார், என்ன பெறுமானம் என்று வியாபாரியிடம் விசாரிப்பது மூன்றாவது கேள்வி. அதுதான் பொய் சொல்ல மிகக் கடினமான சான்று, ஏனென்றால் அந்த வைரம் மந்திரத்தோடு அழிந்துபோகும். அடுத்த முறைக்குப் புதிது வாங்கியாக வேண்டும்.

மந்திரச் சான்று கெடும் இடம் ஒன்று உண்டு: பொருட்கள். ஃபயர்பால் மாலையில் ஒரு மணியைக் கழற்றி வீச லெவலே தேவையில்லை. பறக்கும் காலணி, டெலிபோர்ட் தலைக்கவசம் எல்லாம் அப்படித்தான். ஸ்க்ரோல் (மந்திரம் எழுதிய சுருள்) என்றால் அந்த மந்திரம் தன் வகுப்பின் பட்டியலில் இருக்க வேண்டும்; தன் கைக்கு மீறிய நிலை என்றால் 10உடன் மந்திர நிலையைக் கூட்டிய எண்ணைப் பகடையில் எட்ட வேண்டும். பொருளா, ஆளா என்று பிரித்தறிய, எத்தனை முறை செய்தான் என்று பாருங்கள். ஒரே நாளில் மூன்று வெவ்வேறு மூன்றாம் நிலை மந்திரங்களைப் போட்டவன் பொருளை நம்பியிருக்க வாய்ப்புக் குறைவு. ஐந்து ஆண்டில் ஒரே ஒரு முறை வானத்தில் பறந்தவன் இன்னொருவரிடம் கடன் வாங்கிய காலணியில் பறந்திருக்கலாம்.

கத்திக்காரர்களின் கதை வேறு. இங்கே 20 காவலர் வதந்தியைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஐந்தாம் பதிப்பின் காவலருக்கு 11 ஹிட் பாயிண்ட், ஆர்மர் கிளாஸ் (அடி படப் பகடையோடு கூட்டலும் சேர்த்து எட்ட வேண்டிய எண்) 16, தாக்குதலுக்குக் கூட்டல் 3, ஈட்டியின் சேதம் சராசரி 4.5. எதிரே பத்தாம் லெவல் ஃபைட்டர் (போர்வீரன்). தகட்டுக் கவசமும் கேடயமும் சேர்த்து ஆர்மர் கிளாஸ் 20, ஹிட் பாயிண்ட் 84 என்று வைத்துக்கொள்வோம்.

வெட்டவெளியில் எட்டு காவலர்கள் சுற்றி நிற்கலாம். ஒவ்வொருவரும் 20 முகப் பகடையில் 17 அல்லது அதற்கு மேல் போட்டால்தான் அடி படும். கிரிட்டிகலையும் (20 விழுந்தால் சேதப் பகடை இரட்டிப்பு) சேர்த்தால் ஒருவர் சுற்றுக்குச் சராசரியாக 1.1 சேதம் செய்வார், எட்டு பேர் 8.6. 84 ஹிட் பாயிண்ட் பத்துச் சுற்றுக்கு மேல் தாங்காது. ஃபைட்டருக்குச் சுற்றுக்கு இரண்டு வீச்சு. பத்தில் ஏழுதான் படும். பட்ட அடியெல்லாம் 11 சேதத்தை எட்டிவிடும் என்றும் இல்லை. சுமாராகச் சுற்றுக்கு ஒரு காவலர் விழுவார். பத்துச் சுற்றில் பத்து பேர்; மிச்சம் பத்து பேர் நிற்கும்போது வீரர் விழுந்திருப்பார். இடையில் ஆக்‌ஷன் சர்ஜும் (ஒரு முறை கூடுதல் வீச்சுகள்) செகண்ட் விண்டும் (இழந்த உயிரில் கொஞ்சம் மீட்பு) ஒரு கை கொடுக்கும் என்றாலும் இருபதை எட்டுவது அரிது.

இதே ஃபைட்டரை ஒரு குறுகிய வாசலில் நிறுத்தி, ஒரு நேரத்தில் இரண்டு பேர் மட்டும் எட்டும்படி செய்யுங்கள். சுற்றுக்கு 2.15 சேதம். இருபது சுற்று நின்றாலும் 43தான் போகும். பாதி உயிரோடு வெளியே வருவார். இன்னும் லெவல் குறைந்த ஒருவராலும் வாசலில் இது முடியும்.

இப்போது ஐந்தாம் லெவல் விசர்ட் ஒருவரை வையுங்கள். காவலர்கள் 20 அடி ஆரத்துக்குள் கும்பலாக நின்றால் ஒரு ஃபயர்பால் போதும். எட்டு ஆறுமுகப் பகடை, சராசரி 28 சேதம். தப்பிப் பாதி வாங்கினாலும் 14, காவலருக்கு இருப்பதோ 11. ஆறு வினாடியில் கிட்டத்தட்ட எல்லோரும் காலி.

ஆக ‘20 பேரைத் தனியாகக் கொன்றான்’ என்ற ஒரே வாக்கியம், விசர்ட் என்றால் 5ஐயும், வாசலில் நின்ற ஃபைட்டர் என்றால் எட்டோ ஒன்பதோ ஒன்றையும், வெட்டவெளியில் நின்ற ஃபைட்டர் என்றால் பத்துக்கு மேலான ஒன்றையும் குறிக்கிறது. எண்ணிக்கையைவிட இடமும் விதமும் முக்கியம். விடுதிக்காரரிடம் ‘எத்தனை பேர்’ என்று மறுபடி மறுபடி கேட்பதை விட்டுவிட்டு, ‘எங்கே நடந்தது, பிணங்கள் எப்படிக் கிடந்தன, கருகியிருந்தனவா’ என்று கேட்கும் குழுதான் உருப்படும்.

பதிப்பு மாறினால் இந்தக் கணக்கு தலைகீழாகும். மூன்றாம் பதிப்பில் பத்தாம் லெவல் ஃபைட்டரின் ஆர்மர் கிளாஸ் 25ஐத் தாண்டுவது சாதாரணம். முதல் லெவல் காவலர் 20 போட்டால் மட்டுமே அடிப்பார். அங்கே 20 காவலர் என்பது காலை உடற்பயிற்சி. 1978 விதியிலோ, ஒரு முழு எட்டுமுகப் பகடைக்குக் குறைந்த உயிர் கொண்ட எதிரிகளிடம் ஃபைட்டருக்குத் தன் லெவல் எத்தனையோ அத்தனை வீச்சு. பத்தாம் லெவல்காரர் இரண்டு மூன்று சுற்றில் முடித்துவிடுவார். ஐந்தாம் பதிப்பு வேண்டுமென்றே எண்களை ஒரு வரம்புக்குள் அடக்கி வைத்திருப்பதால் அதில் கும்பல் எப்போதும் ஆபத்து. பழைய பதிப்பில் ஆடிப் பழகியவர் புதிய பதிப்பின் வதந்தியைக் கேட்டு எதிராளியைக் குறைத்து எடை போடுவதும், புதியவர் பழைய பதிப்பில் கூட்டி எடை போடுவதும் இதனால்தான்.

டிராகனைக் கொன்றவர் என்ற பட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2014இன் ஐந்தாம் பதிப்பில் சிவப்பு டிராகன் குஞ்சுக்கு சேலஞ்ச் ரேட்டிங் 4, ஹிட் பாயிண்ட் 75. இளம் டிராகனுக்கு 10, 178. வளர்ந்ததற்கு 17, 256. முதுபெரும் டிராகனுக்கு 24, 546. நான்கையுமே கிராமத்தார் ‘டிராகன்’ என்றுதான் சொல்வார்கள். எலும்புக்கூடு எவ்வளவு நீளம் என்பதைப் பார்க்காமல் அந்தப் பட்டத்துக்கு எந்த மதிப்பும் தர வேண்டாம்.

கூட யார் இருந்தார்கள்

புகழ் ஒருவர் தலையில் ஏறி உட்காரும். வேலையை நால்வர் செய்திருப்பார்கள். பாடகர்கள் பாட்டில் நான்கு பெயரைத் திணிக்க விரும்புவதில்லை.

இதைத் திருத்த மூன்றாம் பதிப்பின் சண்டைக் கணக்கு நல்ல கருவி, மற்றப் பதிப்புகளுக்கும் உத்தேசமாகப் பொருந்தும். அதில் ஒரே பலமுள்ளவர்களின் எண்ணிக்கை இரட்டித்தால் சவால் இரண்டு படி ஏறும். ஒருவர் நால்வரானால் நான்கு படி. திருப்பிப் போட்டால்: ஆறாம் லெவல் குழு நான்கு பேராகச் செய்யும் ஒரு வேலையைத் தனியாள் அதே அளவு சிரமத்தோடு செய்ய சுமார் பத்தாம் லெவல் வேண்டும். ஆகவே ஒரு சாதனையைக் கேட்டதும், ‘தனியாகவா, கூட்டாகவா’ என்பதில் மட்டும் நான்கு லெவல் ஏறி இறங்கும். முன்கூட்டியே பொறி வைத்தானா, எதிரி தூங்கிக்கொண்டிருந்ததா, ஏற்கெனவே அடிபட்டிருந்ததா என்பவை இன்னும் ஒன்றிரண்டைக் கழிக்கும்.

ஒரு முறை நடந்ததற்கும் வழக்கமாக நடப்பதற்கும் உள்ள வித்தியாசத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். 2014இன் ஐந்தாம் பதிப்பில் ஓகர் என்ற அரக்கனுக்கு 59 ஹிட் பாயிண்ட். ஐந்தாம் லெவல் ஃபைட்டர் பெருவாளோடு ஆக்‌ஷன் சர்ஜைச் செலவிட்டு நான்கு முறை வீசி, நான்கும் பட்டாலும் சராசரி 44தான். ஒரே மூச்சில் ஓகரைச் சாய்க்கப் பகடையின் தயவு வேண்டும். 11ஆம் லெவலில் அது ஆறு வீச்சு, வீச்சுக்கு 12, மொத்தம் 72, தயவே தேவையில்லை. ஒரு முறை சாய்த்தவர் ஐந்தாக இருக்கலாம். எல்லைக் காவலில் ஆண்டுதோறும் அப்படியே சாய்த்துக்கொண்டிருப்பவர் ஐந்தாக இருக்க முடியாது.

கூரையைக் கண்டுபிடிப்பது

தரையைத் தருவது செய்த செயல். கூரையைத் தருவது, செய்திருக்க வேண்டிய இடத்தில் செய்யாமல் விட்ட செயல். கோட்டை முற்றுகையிடப்பட்டபோது மந்திரவாதி குதிரையில் தப்பினார் என்றால், அவரிடம் டெலிபோர்ட் இல்லை, 13க்குக் கீழே. தலைமைக் குருவின் சொந்தத் தம்பி சண்டையில் செத்து, அவர் அழுதுகொண்டே அடக்கம் செய்தார் என்றால் ஒன்பதுக்குக் கீழே என்று நினைக்க இடமுண்டு.

ஆனால் கூரைச் சான்று எப்போதும் தரைச் சான்றைவிட மெலிந்தது. தம்பியின் ஆவி திரும்பி வர விரும்பாவிட்டால் ‘ரெய்ஸ் டெட்’ பலிக்காது. அன்று வைரம் கையில் இல்லாமல் இருந்திருக்கலாம். மந்திரவாதி அன்றைய மந்திரங்களைச் செலவழித்துத் தீர்த்திருக்கலாம், அல்லது தன் பலத்தை மறைக்க விரும்பியிருக்கலாம். ஒரே ஒரு கூரைச் சான்றை நம்பிச் சண்டைக்குப் போவது தவறு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு கிடைத்தால் துணியலாம்.

காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். இருபது ஆண்டுக்கு முந்தைய புகழ் என்றால், மூன்றாம் பதிப்பில் முதுமை உடல் திறன்களைப் படிப்படியாக 1, 2, 3 என்று குறைத்து மொத்தம் 6 வரை கழிக்கும். அறிவுசார் திறன்களை மொத்தம் 3 கூட்டும். கிழட்டு வாள்வீரர் தன் புகழைவிட மெலிந்திருப்பார், கிழட்டு மந்திரவாதி புகழைவிடக் கூர்மையாக இருப்பார். ஐந்தாம் பதிப்பில் அப்படிப்பட்ட கழித்தல் விதி இல்லை. அங்கே முதுமை டி.எம். வைத்ததுதான்.

எந்த ஊரில் சொன்னார்கள்

‘இந்த ஊரிலேயே பெரிய வாள்வீரர்’ என்பதன் பொருள் ஊரின் அளவைப் பொறுத்தது. மூன்றாம் பதிப்பின் டி.எம். நூல் இதற்கு ஓர் அட்டவணையே கொடுத்தது. ஊரின் உச்ச லெவல் ஃபைட்டரை அறிய ஒரு எட்டுமுகப் பகடையை உருட்டி, ஊரின் அளவுக்கேற்ற எண்ணைச் சேர்க்க வேண்டும். 401 முதல் 900 பேர் உள்ள கிராமத்துக்குக் கழித்தல் 1. ஆகவே அங்கே மிகச் சிறந்த வாள்வீரர் அதிகபட்சம் ஏழு, சராசரி மூன்று அல்லது நான்கு. 25,000க்கு மேல் மக்கள் உள்ள பெருநகருக்குக் கூட்டல் 12. அங்கே உச்சம் 13க்குக் குறையாது, 20 வரை போகும். ஒரே புகழ்மொழி, பத்துக்கு மேல் வித்தியாசம்.

விசர்ட்டுக்கு நான்குமுகப் பகடை. பெருநகரில்கூட 13 முதல் 16தான் வரும். அதாவது இந்த அட்டவணையை அப்படியே பின்பற்றினால் உலகின் எந்த நகரத்திலும் ஒன்பதாம் நிலை மந்திரம் போடத் தெரிந்த விசர்ட் தற்செயலாக வரவே மாட்டார், டி.எம். தானே படைத்து வைத்தால்தான் உண்டு. ‘விஷ் போடும் மந்திரவாதி’ என்ற வதந்தி அந்த உலகில் கிடைத்தால் ஒன்று பொய், இல்லை கதையின் மையம். (அதே அட்டவணையில் சாமானியருக்கு நான்கு நான்குமுகப் பகடை, பெருநகரின் உச்ச சாமானியர் சராசரியாக 22ஆம் லெவல். சந்தையில் யாரிடம் வம்பிழுப்பது என்று யோசிக்க வைக்கும் எண்.)

ஆட்டம் நடக்கும் உலகத்துக்கு உலகமும் இது மாறும். 2004இல் வந்த எபரான் உலகில் உயர் லெவல் ஆட்கள் அரிது என்பது அடிப்படைத் திட்டம். அங்கே சில்வர் ஃப்ளேம் மதத்தின் தலைவி ஜேலா டேரன் ஒரு சிறுமி. மூன்றாம் லெவல் கிளெரிக். ஆனால் தலைமைக் கோயில் இருக்கும் ஃப்ளேம்கீப்பில் மட்டும் அவளுக்கு 18ஆம் லெவலின் ஆற்றல். கோயிலுக்குள் பார்த்தவர் சொன்னதும் உண்மை, வெளியே பார்த்தவர் சொன்னதும் உண்மை. ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற இன்னொரு உலகில் பெரிய மந்திரவாதிகள் உலகெங்கும் திரிகிறார்கள். அங்கே உயர்வான வதந்திக்குச் சலுகை தரலாம், எபரானில் தரக்கூடாது.

யார் சொன்னார்கள்

ஐந்தாம் பதிப்பின் காமனருக்கு 4 ஹிட் பாயிண்ட். அவர் பார்வையில் 28 சேதம் செய்யும் ஐந்தாம் லெவல் மந்திரவாதிக்கும் அதைப்போலப் பல மடங்கு செய்யும் 17ஆம் லெவல் மந்திரவாதிக்கும் வித்தியாசமே கிடையாது; இரண்டிலும் அவர் சாம்பல். ஆகவே கிராமத்தார் சாட்சியத்தில் சுமார் ஐந்தாம் லெவலுக்கு மேல் அளவுகோல் ஓடாது. ‘இதுபோல் ஒருவரைப் பார்த்ததே இல்லை’ என்று உழவர் சொன்னால் அது ஐந்து, ஓய்வுபெற்ற படைத்தலைவர் சொன்னால் அது பத்துக்கு மேல்.

தோற்றவர்கள் கண், காது, மூக்கு வைத்துச் சொல்வார்கள், ஏனென்றால் சாதாரண ஆளிடம் தோற்றதாக யாரும் ஒப்புக்கொள்வதில்லை. வரி வசூலிக்கும் கொடுங்கோலர் தன்னைப் பற்றிய கதைகளைத் தானே ஊதுவார். கூலிப்படைத் தலைவரும் ஊதுவார். பேரம் பேச உதவும். இதற்கு நேர்மாறாக, பெயர் வெளியே வராமல் பிழைப்பவர்கள் உளவாளிகளும் கொலையாளிகளும். பிளேட்ஸ் இன் த டார்க் ஆட்டத்தில் இது விதியாகவே இருக்கிறது: ஒரு வேலைக்கு அடிப்படைப் புகழ் 2 புள்ளி, எதிரி உங்களைவிட ஒவ்வொரு படி உயரமாக இருந்தால் ஒன்று கூடும், தாழ்ந்திருந்தால் ஒன்று குறையும், ஆனால் வேலையை யாருக்கும் தெரியாமல் முடித்துவிட்டால் புகழ் பூஜ்யம். ஒருவரைப் பற்றி வதந்தியே இல்லை, ஆனால் அவர் எதிரிகள் வரிசையாகக் காணாமல் போகிறார்கள் என்றால், பயப்பட வேண்டியது அங்கேதான்.

கர்ப்ஸ் ஆட்டம் புகழை மூன்றாகப் பிரித்து விலை போடுகிறது: மக்கள் எவ்வளவு சாதகமாக நடந்துகொள்வார்கள், எவ்வளவு பேருக்குத் தெரியும், எத்தனை முறை அடையாளம் கண்டுகொள்வார்கள். சண்டைத் திறன் அதில் எங்கும் இல்லை. 1985இல் வந்த பென்டிராகன் ஆட்டத்தில் ‘குளோரி’ (புகழ்ப் புள்ளி) தந்தையிடமிருந்து பத்தில் ஒரு பங்கு பிள்ளைக்கு வரும், நிலத்திலிருந்தும் ஆண்டுதோறும் வரும். ஆனால் ஒவ்வொரு 1,000 குளோரிக்கும் ஒரு திறன் புள்ளி கிடைப்பதால், அந்த ஒரு ஆட்டத்தில் பரம்பரைப் பெருமையே கொஞ்சம் பலமாகவும் மாறுகிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மூன்றாம் பதிப்பின் லீடர்ஷிப் ஃபீட்டில் (பின்தொடர்பவர்களைச் சேர்க்கும் தனித்திறன்) பெரும்புகழ் தலைமை மதிப்பெண்ணுக்கு 2 கூட்டும். அதாவது புகழ்பெற்றவரின் கை பலமாக இல்லாவிட்டாலும் பின்னால் நிற்கும் கூட்டம் பெரிதாக இருக்கும். தனியாளை எடை போடும் குழுக்கள் மறக்கும் இடம் இது.

நேரில் சோதிக்க முடிந்தால் வதந்தியை விட்டுவிடலாம். 2014 நூலின் பேட்டில் மாஸ்டர் (ஃபைட்டரில் ஒரு வகை), ஏழாம் லெவலில், சண்டைக்கு வெளியே ஒருவரை ஒரு நிமிடம் கவனித்தோ பேசியோ, அவருடைய மொத்த லெவல், ஆர்மர் கிளாஸ், தற்போதைய ஹிட் பாயிண்ட், ஃபைட்டர் லெவல் முதலியவற்றில் இரண்டு தன்னைவிடக் கூடுதலா, சமமா, குறைவா என்று அறியலாம். கேட்க வேண்டியவை மொத்த லெவலும் ஃபைட்டர் லெவலும்: முதலாவது கூடுதல், இரண்டாவது குறைவு என்று வந்தால் எதிரே நிற்பவர் வாளேந்திய வேறு ஏதோ ஒன்று. மந்திரம் போடுவதைப் பார்க்கக் கிடைத்தால், 15உடன் மந்திர நிலையைக் கூட்டிய இலக்குக்கு ஆர்க்கேனா (மந்திர அறிவு) பகடை போட்டு அதை அடையாளம் காணலாம் என்று 2017இன் துணை நூல் சொல்கிறது.

டி.எம். பக்கத்தில்

வதந்தியை வைப்பவர் முதலில் ஆளின் லெவலைத் தீர்மானித்துவிட்டு, அதற்குப் பொருந்தும் ஒரு தரைச் செயலையும் ஒரு கூரைச் செயலையும் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு அவற்றை இரண்டு வெவ்வேறு சாட்சிகளிடம் பிரித்து வைக்கலாம். மூன்றாவது சாட்சி தாராளமாக மிகைப்படுத்தட்டும். ‘மிகவும் ஆபத்தானவன்’ என்ற வெறும் அடைமொழி மேசையில் வேலை செய்யாது. எல்லா எதிரிக்கும் அதையேதான் சொல்கிறோம். விதிநூலில் எண் உள்ள ஒன்று தேவை. குழு போன மாதம் மூச்சு வாங்கி வென்ற ஒரு ட்ரோல் (தீயோ அமிலமோ படாவிட்டால் காயம் ஆறி மீண்டும் எழும் அரக்கன்), இந்த ஆளின் வாசலில் இரண்டு துண்டாகக் கிடக்கட்டும், தீக்காயமோ அமிலக்காயமோ இல்லாமல் ஏன் மீண்டும் உயிர்க்கவில்லை என்று அவர்களே யோசிக்கட்டும். அவர்கள் சொந்த அனுபவத்தில் அளந்த எதிரியைவிடச் சிறந்த படிக்கல் கிடையாது.

சண்டை கட்டாயமில்லை என்று தெரிவதும் அவசியம். தப்பும் வழி இல்லாத அறையில் வைத்துவிட்டு, ‘வதந்தியைக் கேட்டிருக்க வேண்டும்’ என்று பிறகு சொல்வது நியாயமாகாது. குழு தவறாக எடை போட்டால் முதல் சுற்றின் முடிவில் அது தெரிய வேண்டும், இரண்டாம் சுற்றில் ஓட இடம் இருக்க வேண்டும்.

ஆட்டக்காரர்களின் சொந்தப் பெயரும் இதே சட்டத்துக்கு உட்பட்டது. ஐந்தாம் பதிப்பு 1–4ஐ ஊரளவு வீரர்கள், 5–10ஐ நாட்டளவு வீரர்கள் என்று வகைப்படுத்துகிறது. ஆனால் வதந்தி அந்த எல்லையை மதிக்காது. நான்காம் லெவலில் ஒரு சிவப்பு டிராகன் குஞ்சைக் கொன்ற குழு, இரண்டு ஊர் தாண்டுவதற்குள் ‘டிராகனைக் கொன்றவர்கள்’ ஆகியிருக்கும். 256 ஹிட் பாயிண்ட் டிராகன் தொல்லை செய்யும் நாட்டிலிருந்து ஒரு தூதுவர் முன்பணத்தோடு வந்து நிற்பார். இந்தத் தூதுவரை ஒவ்வொரு நீண்ட ஆட்டத்திலும் ஒரு முறையாவது அனுப்பிப் பாருங்கள்: பணத்தை வாங்கிக்கொண்டு போகிறார்களா, குஞ்சுதான் என்று உண்மையைச் சொல்கிறார்களா, இல்லை பெயரைக் காப்பாற்றிக்கொண்டே நழுவ ஒரு சாக்குத் தேடுகிறார்களா என்பதில் இரண்டு அமர்வுகள் ஓடிவிடும்.